தண்ணீருக்கு ஓர் இடம்

“தண்ணீருக்கு எதற்கு மேடம் சோதனை?” என்றார் சவரிமுத்து.

ஆய்வகத்தில் ஜுபைதா சோதனைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். தட்டின் கடைசிக் குழியில் சுத்தமான தண்ணீரை ஒரு சொட்டு விட்டார்.

ஊரையே ஒரே மூச்சில் சோதிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார் சவரிமுத்து. சளியில் கிருமியின் மரபணு துளி இருந்தாலும் அதைக் கோடி மடங்காகப் பெருக்கும். திரையில் கோடு எழும்பும். அவருக்கு இயந்திரம் தெரியும், கிருமி தெரியாது. அதனால் தன்னைவிட இளையவரான ஜுபைதாவிடம் மாணவராகச் சேர்ந்தார்.

“அந்த இடத்தில் இன்னொரு ஆளைச் சோதிக்கலாமே?”

“தண்ணியும் ஒரு ஆள்தான் அண்ணே.”

ஆய்வகத்தில் மூன்று அறைகள். முதலாவதில் சோதனைக் கலவை தயாரிப்பார்கள். கடைசியில் இயந்திரம். இயந்திர அறைக்குப் போனவர், மேலே ஒட்டிய மரபணு போகக் குளித்து உடை மாற்றாமல், கலவை அறைக்குத் திரும்பக் கூடாது. சவரிமுத்துவுக்கு அது மாமியார் வீட்டு மடி ஆசாரமாகப் பட்டது.

ஒருநாள் மாணவியர் விடுதிச் சமையற்காரருக்குத் தொற்று. விடுமுறைக்குக் கிளம்பிய பெண்கள் பெட்டியோடு பஸ்ஸில் காத்திருந்தார்கள். எல்லோருடைய சளிச் சோதனை முடிவும் வந்தால்தான் வண்டி நகரும்.

அத்தனை கோடுகளும் எழும்பின.

“விடுதி மொத்தமும் போச்சு,” என்றார் சவரிமுத்து. “பிள்ளைங்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கச் சொல்லட்டுமா?”

ஜுபைதா கடைசியில் இருந்த தண்ணீரின் கோட்டைத் தொட்டார். அதுவும் எழும்பியிருந்தது.

“தண்ணி எந்த ரூம்ல தங்கியிருந்துச்சு அண்ணே?”

“தண்ணிக்கும் தொத்தா?” என்று திரையருகே குனிந்தார் சவரிமுத்து.

“காலையில் வெள்ளோட்டம் பார்த்த தட்டை என்ன செஞ்சீங்க?”

“நல்லா வந்துச்சேன்னு முதல் ரூமுக்குக் கொண்டுபோய் அங்க இருந்தவங்களுக்குக் காட்டினேன்.”

“மூடியோடயா?”

“லேசாத் திறந்து.”

“கருவாடு கழுவின கையோட பாயசம் கிண்டியிருக்கீங்க.”

அறையைத் துடைத்தார்கள். பழைய கலவையைக் கொட்டினார்கள். சவரிமுத்து தலைக்குக் குளித்து, வேறு சட்டை போட்டு வந்தார். பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தூங்கினார்.

புதுக் கலவை. அதே சளி மாதிரிகள். புதுத் தட்டு.

சமையற்காரரின் கோடு மட்டும் தனியாக எழும்பியது. மற்றவை தரையோடு படுத்துக் கிடந்தன.

வாசலுக்கு விடுதி வார்டன் ஓடிவந்தார்.

“என்ன சார் ஆச்சு?”

“தண்ணிக்கு ஒண்ணும் இல்லம்மா,” என்றார் சவரிமுத்து, முகமெல்லாம் சிரிப்பாக. “வண்டியை எடுக்கச் சொல்லுங்க.”

“நான் பிள்ளைங்களைக் கேட்டேன் சார்.”

“நான் தண்ணியைத்தான் முதல்ல கேட்டேன்.”