நடுத்தீவு

முந்நீர்த்துறை நகரத்தின் கப்பலைக் கண்டால் மற்றக் கப்பல்கள் ஒதுங்கி வழிவிடும். பல தலைமுறைகளாக அப்படித்தான். பிறகு எதிர்க்கரையில் புதுவாயில் என்ற நகரம் எழுந்தது. நேற்றுவரை உப்பு விற்றவர்கள் போர்க்கப்பல் கட்டத் தொடங்கினார்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு தீவு. கரையில் மீனவர் குடிசைகள். மேட்டில் பூரணை என்ற துறவி இருந்தார். முந்நீர்த்துறையின் கடற்படைத் தலைவன் இளநாகன் அவரிடம் கற்றவன். ஒரு மழை நாளில் அவரைத் தேடி வந்தான்.

“அம்மா, எனக்குத் தூக்கம் போய்விட்டது. இப்போது அடித்தால் புதுவாயிலை நொறுக்கிவிடலாம். இன்னும் சில ஆண்டுகள் விட்டால் அவர்கள் எங்களை நொறுக்குவார்கள். நான் என்ன செய்ய?”

“நேற்று வெண்கோ வந்திருந்தான்.”

இளநாகன் நிமிர்ந்தான். வெண்கோ இப்போது புதுவாயிலின் தளபதி. இருவரும் இதே மேட்டில் ஒன்றாகப் படித்தவர்கள்; ஒரே பாயில் படுத்தவர்கள்.

“அவன் எதற்கு வந்தான்?”

“அவனுக்கும் தூக்கம் இல்லையாம். தாங்கள் முழுதாக வளர்வதற்குள் நீங்கள் அடித்துவிடுவீர்கள் என்று பயப்படுகிறான். முந்திக்கொள்ளலாமா என்று கேட்டான்.”

“பார்த்தீர்களா! இனித் தாமதிக்கக் கூடாது.”

“நீ வந்துபோனது தெரிந்தால் அவனும் இதையேதான் சொல்வான்.”

இளநாகன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். மழை வலுத்தது.

“வேறு வழியே இல்லையா, அம்மா?”

“இருக்கிறது. படையில்லாமல், ஆயுதமில்லாமல், தனியாகப் போய் அவனைப் பார். என்னிடம் சொன்னதை அவனிடம் சொல்.”

“கொன்றுவிடுவான்.”

“நீ காய்ச்சலில் கிடந்தபோது உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் அவன்.”

“அது வெண்கோ. இப்போது அவன் புதுவாயில்.”

“அவனையும் உன்னிடம் தனியாகப் போகத்தான் சொன்னேன்.”

“என்ன சொன்னான்?”

“நீ கொன்றுவிடுவாய் என்றான். இளநாகன் அப்படிச் செய்கிறவன் இல்லை என்று நான் சொன்னேன்.” அவர் அவன் முகத்தைப் பார்த்தார். “சரியாகத்தான் சொன்னேனா?”

இளநாகன் தலை குனிந்துகொண்டான்.

பூரணை எழுந்தார். மழையிலேயே இறங்கி மீனவர் குடிசைகளை நோக்கி நடந்தார்.

“எங்கே போகிறீர்கள், அம்மா?”

“பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தீவைவிட்டுக் கிளம்பச் சொல்ல.”