காலி வண்டியில் வந்த திருப்தி

முன்னொரு காலத்தில், ஒரு ராஜாவுக்குக் காலைப் பலகாரம் சாப்பிடும்போது ஒரு சந்தேகம் வந்தது. தாம் கட்டி வைத்த மேற்கல்விச் சாலையில் படித்துத் தேறியவர்கள் வேலையில் எப்படி இருக்கிறார்கள்? அவர்களை வைத்து வேலை வாங்கும் அதிகாரிகளிடம் எழுதி வாங்கி வரும்படி மந்திரி மாறநம்பிக்கு உத்தரவானது.

மாறநம்பிக்குக் கொண்டாட்டம். அரசவை விகடகவி காரிக்கண்ணனும் அந்தச் சாலையில் படித்தவன். அவனைக் கண்டாலே மந்திரிக்கு வயிறு எரியும். மறுநாளே நாற்பது ஓலைகளோடு வந்து நின்றார். முப்பத்தொன்பதிலும் குறை. சொன்ன பேச்சு கேட்பதில்லையாம், எதற்கெடுத்தாலும் கேள்வியாம். நெற்களஞ்சியத்து ஓலை மட்டும் ஓர் ஆளை வானளாவப் புகழ்ந்தது. அந்த ஆள் மந்திரியின் மைத்துனன் நீலன்.

“அரசே, சாலையை மூடிவிடலாம். விகடகவியையும் அனுப்பிவிடலாம்” என்றார் மந்திரி.

காரிக்கண்ணன் ஓலைகளை வாங்கினான். புரட்டியவன் ஒன்றைக் கவனித்தான். குறை சொன்ன ஒருவர்கூட வேறு ஆள் கேட்கவில்லை. அதிகாரிகள் திருப்தியாகத்தான் இருக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னான்.

“அப்படியானால் அந்தத் திருப்தியை நாளை மாலைக்குள் என் கண்ணில் காட்டு. இல்லாவிட்டால் சாலைக்குப் பூட்டு, உனக்கு விடை” என்றார் ராஜா.

காரிக்கண்ணன் நாற்பது மாட்டுவண்டிகளை அனுப்பினான். குறையுள்ள ஆளை ஏற்றிவிட்டால் அரண்மனை திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று வண்டிக்காரர்கள் போய்ச் சொன்னார்கள்.

மாலையில் வண்டிகள் வந்தன. முப்பத்தொன்பது காலி. நாற்பதாவதில் மூட்டை முடிச்சோடு நீலன் உட்கார்ந்திருந்தான்.

“இந்தக் காலி வண்டிகள்தாம் தாங்கள் பார்க்க விரும்பிய திருப்தி, அரசே” என்றான் காரிக்கண்ணன்.

ராஜா விழித்தார். வண்டியோடு கூடவே பதறி ஓடிவந்திருந்த யானைக்கொட்டில் அதிகாரி உண்மையைக் கக்கினார்.

“மகாராஜா, நல்லவன்னு எழுதினா அரண்மனைக்குக் கூட்டிக்கிறீங்க. போன வருஷம் ரெண்டு பேர் அப்படிப் போயிட்டாங்க. இப்ப இருக்கிற ஒருத்தனையும் விட்டா ஆனைக்கு மருந்து கொடுக்க எனக்கு யார் இருக்கா?”

களஞ்சியத்து அதிகாரி நீலனை ஏன் புகழ்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை. மாறநம்பி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். இனி யாரிடமிருந்தும் நல்ல ஆளைப் பிடுங்குவதில்லை என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார். நீலன் மறுபடியும் சாலைக்குப் படிக்கப் போனான்.

பிறகு ராஜா தம் பட்டுச் சால்வையைக் காரிக்கண்ணன் தோளில் போட்டு, “அண்டை நாட்டு அரசர் நீ எப்படிப்பட்டவன் என்று கேட்டு எழுதியிருக்கிறார். என்ன பதில் போடட்டும்?” என்றார்.

“நன்றாகக் குறை சொல்லி எழுதுங்கள், அரசே.”

ராஜா சிரித்துக்கொண்டே எழுத்தாணியை எடுத்து, ஓலையின் இரண்டு பக்கமும் நிறைய எழுதினார்.