ஆனைக்குழி வாய்க்காலுக்குப் போட்ட கணக்கு

ஆனைக்குழி மாசானத்துக்கு முப்பத்தெட்டு வயசு. இதுவரை மூன்று சம்பந்தம் தட்டிப்போச்சு. நாலாவதுதான் அக்கரைப் பெண் முத்தரசி. அவளுடைய அத்தை வடிவு மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துச் சரி சொன்னால் கல்யாணம்.

வடிவு அத்தைக்குக் கனத்த சரீரம். வாய்க்கால்மேல் பாலமாகக் கிடந்ததோ ஒற்றைத் தென்னந்தடி. “தடி தாங்கும்னு கணக்குப் போட்டு வைங்க, அப்பதான் வருவேன்” என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

மாசானமும் தம்பிகள் இசக்கியும் உலகுவும் டியூஷன் டீச்சரிடம் ஓடினார்கள். டீச்சர் ஒரு கையால் தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:

“தடியோட சொந்த எடையைக் கண்டுக்காதீங்க. ரெண்டு பக்கமும் தாங்குற கல்லை எடுத்துட்டு, அந்த இடத்துல மேல்நோக்கி அம்புக்குறி போடுங்க. பிறகு தடியை நடுவுல வெட்டி, உள்ளே என்ன விசை இருக்குன்னு பாருங்க. எல்லாத்தையும் கூட்டினா பூஜ்யம் வரணும்.”

இதெல்லாம் நோட்டில் என்று அவர் சொல்லவில்லை. வேறு எங்கே போடுவார்கள் என்று நினைத்திருப்பார், பாவம்.

மறுநாள் காலையிலேயே வேலை ஆரம்பம். எடையைக் கண்டுகொள்ளக் கூடாதே, அதனால் இசக்கி ஒற்றை ஆளாகத் தடியைத் தூக்கினான். அது அவன் கால்மேலேயே விழுந்தது.

“வலிக்குதாடா?”

“உயிர் போகுதுண்ணே. ஆனா கண்டுக்கலை.”

கல்லைப் பெயர்த்து எறிந்துவிட்டு, கரையில் சுண்ணாம்பால் அம்புக்குறி வரைந்தார்கள். தடியை அதன்மேல் வைத்தால் சரிந்தது.

“அம்பு ஒல்லியா இருக்குண்ணே, தாங்க மாட்டேங்குது” என்றான் உலகு. தடிமனாக வரைந்தார்கள். அப்போதும் சரிந்தது. அம்பு காயவில்லை போல என்று முடிவுகட்டி, அடுத்த வேலைக்குப் போனார்கள்.

ரம்பத்தால் தடியை நடுவில் அறுத்து, மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

“விசை தெரியுதா?”

“நார்தான் தெரியுது. ஒரு எறும்பு ஓடுது.”

“ஓடுதுல்ல? அப்ப அதுதாண்டா விசை. குறிச்சுக்கோ, ஒண்ணு.”

இதற்குள் இரண்டு துண்டும் உருண்டு, வாய்க்காலோடு போய்விட்டன. எறும்பும் கூடவே போயிற்று. மாசானம் விரல்விட்டுக் கூட்டினான். கல் இல்லை. தடி இல்லை. எறும்பும் இல்லை.

“பூஜ்யம்டா!” என்று தம்பிகளைக் கட்டிக்கொண்டு அழுதான்.

பத்து மணிக்கு வடிவு அத்தை வந்து அக்கரையில் நின்றாள். “பாலம் எங்கே மாப்ளே?”

“கணக்கு சரியா வந்துருச்சு அத்தை. பாலம்தான் போயிருச்சு.”

அத்தை வாய்க்காலை எட்டிப் பார்த்தாள். முழங்காலளவு தண்ணீர். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து வந்தாள். பாயசம் குடித்தாள், இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினாள். “பையன் படிச்ச புள்ளையாட்டம் பேசுறான். சம்மதம். நான் ஊருக்குப் போனதும் நாள் குறிச்சுடலாம்” என்றாள்.

சாயங்காலம் புறப்பட்டுக் கரைக்கு வந்தவள் திகைத்து நின்றாள். “ஐயையோ, பாலம் இல்லாம எப்படிப்பா திரும்பிப் போறது?”

அண்ணன் தம்பி மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். அதை யாருமே யோசிக்கவில்லை.

அத்தை இங்கே வந்து ஐந்து மாதமாகிறது. கல்யாணத்துக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. மாசானம்தான் தினமும் வாய்க்காலில் இறங்கி அக்கரைக்குப் போய், முத்தரசியிடம் அத்தைக்கு மாற்றுச் சேலை வாங்கிக்கொண்டு வருகிறான்.