மலைக்கு வழிவிட்ட சின்னாண்டியார்

தேன்கரட்டு மலை முருகனைப் படியேறிப் பார்க்க முடியாதவர்களை, இரும்புக் கயிற்றில் கட்டிய பெட்டியில் உட்காரவைத்து மேலே இழுக்கும் விஞ்சுக்கு ஓட்டுநராக இருந்தவர் சின்னாண்டியார் என்னும் அடியார். உச்சியிலுள்ள இயந்திர அறையில் அமர்ந்து, சன்னல் வழியே தண்டவாளத்தைப் பார்த்தபடி விசையைப் பிடித்திருப்பார். ஊரையெல்லாம் இழுத்தவர், தாம் மட்டும் படியேறித்தான் வேலைக்கு வருவார். ஆண்டவன் வீட்டுக்கு வண்டியில் போய் இறங்குவது மரியாதையில்லை என்பது அவர் கருத்து.

அவருக்கு ஒரு நோன்பு உண்டு. திருநீறு பூசிய கை எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். ஊசிப்போன பொங்கலும் எறும்பு மொய்த்த பழமும் அவருக்கு ஒன்றே. எறும்பும் பிரசாதம் தின்றதுதானே என்று அதையும் சேர்த்தே விழுங்குவார். அவர் வயிறு ஒருநாளும் முணுமுணுத்ததில்லை.

ஒரு கிருத்திகையன்று படியோரம் இருந்த ஆண்டி ஒருவர், தேக்கிலையில் கறுப்பாக ஓர் உருண்டையை நீட்டினார். "சாமி பிரசாதம், போட்டுக்க." என்ன ஏது என்று கேட்பது நோன்பில் இல்லை. வாயில் போட்டுக்கொண்டு போய் விசையைப் பிடித்தார். அது கஞ்சா லேகியம்.

பெட்டி பாதி மலை ஏறியபோது, மலையே எழுந்து அதை எதிர்கொண்டு அழைக்க இறங்கிப் போவதாக அவருக்குத் தெரிந்தது. பெரியவர்கள் வந்தால் வழிவிடுவதுதானே முறை? வண்டியை நிறுத்தி, எழுந்து நின்று கைகூப்பினார். பெட்டியிலிருந்தவர்கள் வெயிலில் தொங்கிக்கொண்டு அலறினார்கள். வேறோர் ஓட்டுநர் ஓடிவந்து விசையைப் பிடித்து அவர்களை இறக்கினார். அடியாரின் சிறுநீரைச் சோதித்ததில் விஷயம் வெளியே வந்தது.

விஞ்சு பறிபோனது. அடிவாரத்தில் செருப்புக் காக்கும் வேலை கிடைத்தது. "லேகிய சாமி, மலை இறங்கி வருது, ஒதுங்கு ஒதுங்கு!" என்று உடன் வேலை செய்தவர்கள் கும்பிட்டுப் போனார்கள்.

விஞ்சுக்குத் திரும்ப வேண்டுமானால், ஊழியர்களைச் சோதிக்கும் டாக்டர் பிரிசில்லா சம்மதிக்க வேண்டும். வாராவாரம் போனார். ஓர் ஆள் எதிரே நின்று முறைத்துப் பார்க்கச் சிறுநீர் கொடுக்க வேண்டும். அது வராது. குழாயைத் திறந்து விடுவார்கள், குழாயில்தான் வரும். ஒருவழியாகக் கொடுத்தால் சோதனையில் சுத்தமாகவே இருக்கும். பிறகு டாக்டர் கேட்பார்:

"அய்யா, நாளைக்கே அந்த ஆண்டி திரும்பக் குடுத்தா வாங்குவீங்களா?"

"திருநீறு பூசுன கையிங்க. மறுக்க மாட்டேனுங்க."

"அப்ப அடுத்த வாரம் வாங்க."

"ஏனுங் மாமா, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா வாய் வெந்தா போயிரும்?" என்று மனைவி மரகதம் தலையில் அடித்துக்கொள்வார். பொய் சொல்ல அடியாருக்கு வராது. நோன்பை விடவும் மனம் வராது. செருப்புகளைத் துடைத்தபடி மலையைப் பார்த்துச் சண்டை போடுவார்: "முருகா, குடுத்தவன் உன்ற ஆளு, தின்னவனும் உன்ற ஆளு. செருப்புத் தொடைக்கறதுக்கு மட்டும் நானா?" மலை பதில் சொல்லாது. அது அவருக்கு மேலும் எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் நாச்சம்மாள் என்ற கிழவி செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு படியைப் பார்த்து நடந்தாள்.

"விஞ்சு இருக்குதுங்களே அம்மா?"

"அதுல மறுக்கா ஏற எனக்கென்ன பைத்தியமா சாமி? கெறங்கிப்போனவன் கையில உசுரக் குடுத்துட்டுத் தொங்குனது போதும்."

அந்தி சாயும்போது திரும்பி வந்தாள்.

"முருகனைப் பாத்தீங்களா?"

"பாதிக்கு மேல ஏற முடியல. அங்கயே நின்னு கும்புட்டுட்டு வந்துட்டேன். அவனுக்கும் எனக்கும் நடுவுல அந்தப் பாவி நின்னுக்கிட்டான்."

அடியார் கையிலிருந்த செருப்பு நழுவி விழுந்தது. எடுத்துத் துடைத்து, அவள் காலடியில் வைத்தார். "அந்தப் பாவி நான்தானுங்க" என்றார். கிழவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை அதே ஆண்டி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் தேக்கிலை. "சாமி பிரசாதம், போட்டுக்க."

அடியார் இரு கையும் கூப்பினார். "வேண்டாஞ் சாமி."

"ஏன்? செருப்புத்தானே பாத்துக்கற?"

"இன்னிக்குச் செருப்புங்க. நாளைக்குக் கயிறு."

ஆண்டி சிரித்தார். இலையை மடித்துக்கொண்டு படியேறிப் போனார். அடியார், நோன்பு செத்ததற்குத் துக்கம் காப்பவர்போல அன்று சோறு தொடவில்லை.

அந்த வாரமும் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். "மறுத்துட்டேனுங்க" என்றார் அடியார். பொய் சொல்லத் தெரிந்தவராயிருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பார் என்பது டாக்டருக்குத் தெரியும். "எப்பக் கூப்பிட்டாலும் சோதனைக்கு வரணும்" என்று சொல்லிச் சம்மதம் கொடுத்தார்.

விசையைத் தொடுமுன் அடியார் நாச்சம்மாள் வீட்டு வாசலில் போய் நின்று, விஞ்சில் வரச்சொல்லி அழைத்தார். "மறுக்கா தொங்க உட்டீன்னா, செத்தாலும் உன்னைய உடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கிழவி கிளம்பினாள்.

பெட்டி நிறைய ஆட்கள். முன்வரிசையில் நாச்சம்மாள் கண்ணை இறுக மூடியிருந்தாள். அவள் பக்கத்தில் அந்த ஆண்டி! உச்சியில் அடியார் விசையை அழுத்தினார். பாரம் காட்டும் முள் அசையவே இல்லை. கயிறு தொய்ந்து கிடந்தது. பெட்டி பாட்டுக்கு ஏறி வந்தது. பாதி மலையில் அவர் விசையை இறுகப் பிடித்தார். பெட்டி நிற்கவில்லை. இதை நம்பாதவர்கள் அந்த முள்ளைப் போய்ப் பார்க்கலாம். இப்போது நன்றாகவே வேலை செய்கிறது.

"பக்கத்துல ஒருத்தரு கையப் புடிச்சுக்கிட்டே வந்தாரே, எங்க காணோம்?" என்று இறங்கியதும் கிழவி தேடினாள். டிக்கெட் பரிசோதகரும் அவரைத்தான் தேடிக்கொண்டிருந்தார். அவர் டிக்கெட் வாங்கவில்லை.

அப்போது சன்னிதியில் திரை விலகியது. "அலங்காரம் பண்ணச்சே இல்லையே! யார் வச்சா இதை?" என்று குருக்கள் பதறினார். முருகனின் கல் உள்ளங்கையில் மடித்த தேக்கிலை ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு கறுப்பு உருண்டை. கிழவி அதைக் கவனிக்கவில்லை. அவள் முருகனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆசை தீர.

வேண்டாம் என்ற ஒரு சொல்லால் ஆண்டவனையே தம் வண்டியில் ஏறவைத்த சின்னாண்டியாரின் கைகள் வாழ்க. அவை பிடித்த கயிறும் வாழ்க.