நின்று நின்று வழிகாட்டிய மடையான்

நாணலேரியில் சிங்காரம் என்றொரு மடையான் கொக்கு இருந்தது. உடம்பு முழுக்கச் சேற்று நிறம். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு கரையோரம் நின்றால், பக்கத்தில் மேய்கிற எருமைக்குக்கூட அது அங்கே இருப்பது தெரியாது.

நிற்பதில் சிங்காரத்தை வெல்ல அந்த ஏரியில் ஆளில்லை. மீன் வந்தாலும் நிற்கும். பயம் வந்தாலும் நிற்கும். என்ன செய்வதென்று புரியாவிட்டால் இன்னும் நன்றாக நிற்கும்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் மனிதர்கள் வந்தார்கள். கழுத்தில் தொலைநோக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு கரைப்பாதையில் வரிசையாக நடந்தார்கள். வரிசைக்கு முன்னால் தொப்பி போட்ட ஒருவர். அவர் நின்றால் எல்லோரும் நின்றார்கள். அவர் பார்த்த பக்கம் எல்லோரும் பார்த்தார்கள். “ஆஹா!” என்றார்கள். நடை முடிந்ததும் முதல் டீ அவருக்குத்தான்.

சிங்காரம் இதைத் தினமும் கவனித்தது. “வழிகாட்டுவது என்றால் இவ்வளவுதானா? முன்னால் போய் நிற்க வேண்டும். இதைத்தானே நான் பிறந்ததிலிருந்து செய்கிறேன்!” என்று நினைத்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து வடக்கேயிருந்து வாத்துக்கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. பனிமலைகளைத் தாண்டி, இந்த ஏரிக்கு முதல்முறையாக வந்த கூட்டம். முன்னால் வந்தது வயதான தட்டைவாயன் வாத்து. அகப்பை போல அகன்ற அலகு அதற்கு. கடைசியாக வந்தது சின்னஞ்சிறு கிளுவை வாத்து. இறங்கியதும் கரையில் ஒரே சத்தம். குழந்தைகள் கை தட்டினார்கள். கிளுவை நடுங்கியது.

“இந்த இரைச்சலில் எப்படித் தூங்குவது? அமைதியான இடம் ஏதும் உண்டா?” என்று தட்டைவாயன் கேட்டது. அது கொஞ்சம் திருத்தமாகத்தான் பேசும். வெளியூர் இல்லையா!

“கோரைக்குள்ள உள்மடு இருக்கு. ஆழமான தண்ணி, ஆள் நடமாட்டமே கிடையாது. இப்பவே பறந்து போயிடலாம்,” என்றது கூட்டில் உட்கார்ந்திருந்த தாழைக்கோழி செங்கமலம்.

“பறப்பதா! எங்கள் சிறகுகளை இனி ஒரு வாரத்துக்குத் தூக்க முடியாது. நடந்தே வருகிறோம். நீங்கள் வழி காட்டுவீர்களா?”

“வருஷா வருஷம் வர்றவங்களை நான்தான் கூட்டிட்டுப் போவேன். இப்ப முட்டை மேல உக்காந்திருக்கேனே!”

“நான் இருக்கேன்!” என்று குரல் கேட்டது. வாத்துகள் சுற்றும்முற்றும் பார்த்தன. பக்கத்தில் இருந்த சேற்றுக்கட்டி இரண்டு அடி முன்னால் வந்தது. சிங்காரம்தான்.

செங்கமலம் சிரித்துவிட்டது. “அண்ணே, நீ கரையை விட்டு உள்ளே போயிருக்கியா?”

“என்னைப் பாத்து இப்படிக் கேக்குறியே!”

“சரி, கேட்டுக்கோ. சாஞ்ச பனைகிட்ட வழி ரெண்டாப் பிரியும். ஒண்ணு உள்மடுவுக்கு, இன்னொண்ணு நரிப்பொந்துக்கு. நீ போக வேண்டியது…”

“எனக்கே பாடமா? எல்லாம் தெரியும். நீ முட்டையைப் பாரு தாயி!” என்று சிங்காரம் நடையைக் கட்டியது.

“மறந்துட்டா பனைகிட்ட நின்னு ஒரு குரல் குடு! எனக்குக் கேக்கும்!” என்று செங்கமலம் கத்தியது. சிங்காரம் திரும்பிப் பார்க்கவில்லை.

கோரைப் பாதையில் சிங்காரம் முன்னால் நடக்க, வாத்துகள் ஆடி ஆடிப் பின்னால் வந்தன. கொஞ்ச தூரத்திலேயே சிங்காரத்துக்கு இடம் புரியவில்லை. வழக்கம்போல நின்றது. உடனே எல்லா வாத்துகளும் நின்றன. அது பார்த்த பக்கம் பார்த்தன. அங்கே ஓர் இற்றுப்போன மரக்கட்டை கிடந்தது.

“ஆஹா! அது என்ன?” என்றது தட்டைவாயன்.

‘தெரியாது’ என்ற சொல் சிங்காரத்தின் அலகு வரை வந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? அதை விழுங்கிவிட்டது.

“அதுவா? அது… முதலைத்தூண். ரொம்பப் பழசு.”

“அருமை!” என்றன வாத்துகள். சிங்காரத்தின் கழுத்து ஒரு விரல்கடை நீண்டது.

அடுத்து நின்ற இடத்தில் சேற்றுக்கு மேல் கருப்பாக ஒரு மேடு தெரிந்தது.

“இது கரும்பாறைக் குன்று. ராஜா காலத்துக் குன்று,” என்றது சிங்காரம், யாரும் கேட்பதற்கு முன்பே.

குன்று மெல்ல எழுந்தது. காதை ஆட்டியது. வாலைத் தூக்கிச் சாணி போட்டுவிட்டு நடந்து போனது.

வாத்துகள் சாணியைப் பார்த்தன. பிறகு சிங்காரத்தைப் பார்த்தன.

“மழைக்காலத்துல சில நேரம் எழுந்து போகும்,” என்றது சிங்காரம்.

“ஆஹா!” என்றன வாத்துகள். “ஓகோ!” என்றது தட்டைவாயன்.

பிறகு சாய்ந்த பனை வந்தது. வழி இரண்டாகப் பிரிந்தது. சிங்காரம் நின்றது. எந்தப் பக்கம்? செங்கமலம் சொல்ல வந்தபோது வாயை அடைத்துவிட்டோமே! இங்கிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் பின்னால் ஒரு கூட்டமே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

“அழகான பனை! நீங்கள் சரியான இடத்தில்தான் நிற்கிறீர்கள்!” என்றது கிளுவை.

அதோடு முடிந்தது. சிங்காரம் குரல் கொடுக்கவில்லை. இடப்பக்க வழி அகலமாக இருந்தது. அதில் நடந்தது.

போகப் போகக் கோரை நெருங்கியது. வாத்துகளால் சிறகை அரைச் சாண்கூட விரிக்க முடியவில்லை. எலும்புகள் ஆங்காங்கே கிடந்தன. “இதெல்லாம் என்ன?” என்று வாத்துகள் கேட்டபோது சிங்காரம் காது கேட்காதது போல நடந்தது. கடைசியில் பாதை ஒரு பொந்தின் வாசலில் முடிந்தது.

வாசலில் நரி படுத்திருந்தது.

சிங்காரம் நின்றது. கல்லாய் நின்றது. வாத்துகளும் நின்றன.

“ஆஹா! இது என்ன?” என்றது கிளுவை.

நரிக்கு ஒன்றும் புரியவில்லை. தன் வாழ்நாளில் சாப்பாடு இப்படி வரிசையாக நடந்து வந்து அது பார்த்ததில்லை. வேறு யாரைப் பார்க்க வந்திருக்கிறார்களோ என்று ஒரு தடவை பின்னால்கூடத் திரும்பிப் பார்த்தது. பிறகு மரியாதையாக எழுந்து உட்கார்ந்தது. இப்போதே பாய்ந்தால் ஒன்றுதான் கிடைக்கும். எல்லாம் கிட்டே வரட்டும்!

“வாங்க, வாங்க! தூரத்துல நின்னு பாத்தா எப்படி? இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க!”

கிளுவை ஓரடி எடுத்து வைத்தது. தட்டைவாயன் தயங்கியது.

“எங்கள் ஊரில் இந்த மாதிரி ஒன்றைக் கண்டால் ஓட்டம் பிடிப்போம். இங்கே எப்படி? வழிகாட்டி ஐயா, இதன் அருகில் போகலாமா?”

எல்லா வாத்துகளும் சிங்காரத்தைப் பார்த்தன. நரியும் பார்த்தது.

“சொல்லுங்க ஐயா! உங்களுக்குத் தெரியாததா?” என்று நரி இளித்தது.

கிளுவை இன்னும் ஓரடி வைத்தது. நரியின் பின்னங்கால் மெல்ல மண்ணில் ஊன்றியது. சிங்காரம் அந்தக் காலைப் பார்த்தது.

“தெரியாது!” என்று அலறியது சிங்காரம். “எனக்கு ஒண்ணுமே தெரியாது! வழி தெரியாது! முன்னால பாத்தது எருமை! இது நரி! ஓடுங்க!”

நரி பாய்ந்தது. சிங்காரம் நிற்கவில்லை. சாய்ந்து கிடந்த கோரைக்கற்றை மேல் ஏறி, நரியின் முகத்துக்கு நேராகச் சிறகை விரித்தது. சேற்று நிறத்துக்குள் அத்தனை வெள்ளை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்! மடித்து வைத்த வேட்டியை யாரோ சட்டென்று உதறியது போல இருந்தது. நரி மிரண்டு பின்வாங்கியது. அதன் வாயில் சிங்காரத்தின் இறகு ஒன்று மட்டும் மாட்டியது.

“செங்கமலம்! வழி தெரியலை! சொல்லு!” என்று கத்திக்கொண்டே சிங்காரம் மேலே எழும்பியது.

“பனைக்குத் திரும்பி வா! அங்கேருந்து மத்த வழியில போ!” என்று எங்கிருந்தோ பதில் வந்தது.

சிங்காரம் தாழப் பறந்தது. கோரைக்கு மேலே தெரிந்த வெள்ளைச் சிறகைப் பார்த்துக்கொண்டே வாத்துகள் விழுந்தடித்து ஓடின. நரி துரத்தியது. சேறு அதன் காலை இழுத்தது. வாத்துகளின் பாதங்களோ சேற்றுக்கென்றே செய்தவை. பனை வந்தது. மற்ற வழியில் திரும்பின. சளார், சளார் என்று ஒவ்வொன்றாக உள்மடுவில் விழுந்தன. கடைசிச் சளார், கிளுவை. நரி கரையில் நின்று பார்த்துவிட்டு, வாயிலிருந்த இறகைத் துப்பிவிட்டுத் திரும்பியது.

சிங்காரம் ஓரமாக இறங்கித் தலையைக் குனிந்துகொண்டது. தட்டைவாயன் நீந்தி அருகே வந்தது.

“அந்தக் குன்று எருமை என்று எனக்கு அப்போதே தெரியும்.”

“எப்ப?”

“அது சாணி போட்டபோது.”

“அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?”

தட்டைவாயன் அகன்ற அலகைத் தண்ணீரில் விட்டுக் கொஞ்ச நேரம் அளைந்தது. “மற்றவர்கள் எல்லாம் ‘ஆஹா’ என்றார்களே. எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிட்டால்?”

மறுநாள் காலை கிளுவை கேட்டது: “அண்ணா, இன்றைக்கு எங்கே கூட்டிக்கொண்டு போகப் போகிறீர்கள்?”

“தெரியாது. இரு, செங்கமலத்தைக் கேட்டுட்டு வரேன்,” என்று சிங்காரம் நிற்காமல் கிளம்பியது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவர், தம்மை நம்பி வருகிறவர்களையும் சேர்த்தே ஆபத்தில் கொண்டுபோய் விடுவார்.