கோட்டைச்சாமி மல்லரின் பாதம்

கருங்குளத்துச் சீமையில் மல்யுத்தம் என்றால் கோட்டைச்சாமி மல்லர்தான். அவர் ஓய்வு பெறுவதும் அங்கே ஒரு திருவிழா மாதிரி. முதல் தடவை ஓய்வு பெற்றபோது ஊரே அழுதது. இரண்டாம் தடவை பாதி ஊர் அழுதது. மூன்றாம் தடவை மாலை கட்டுகிறவன் மட்டும் சந்தோஷப்பட்டான்.

அந்த மூன்றாம் விழாவில் மல்லர் ராஜாவிடம் ஒரு வரம் கேட்டு வாங்கினார். இனி எந்த மல்லன் களத்தில் இறங்கினாலும் முதலில் அவர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். முழங்கால் மண்ணில் பட்டால் தோல்வி என்பது களத்து விதி. ஆகையால் நின்றபடியே குனிந்துதான் தொட வேண்டும். பூபதி ராஜாவும் அப்படியே முரசறையச் செய்தார்.

வருஷங்கள் ஓடின. மல்லர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டே இருந்தார். இளைஞர்கள் தொட்டுக்கொண்டே இருந்தார்கள். தொந்தி மட்டும் ஓய்வில்லாமல் வளர்ந்தது.

ஒருநாள் மல்லர் சபைக்கு வந்து தொடை தட்டினார். "மறுபடியும் களம் இறங்கப் போகிறேன்!" சத்தம் அடங்கிய பிறகும் தொடை ஆடிக்கொண்டிருந்தது.

"இருபது வயசு உடம்பு!" என்றார் அரண்மனை வைத்தியர்.

"இருபதே அதிகம்!" என்றார் ஆஸ்தானப் புலவர்.

ராஜாவுக்குப் பரம சந்தோஷம். அவருக்கும் ஒரு ரகசிய ஆசை இருந்தது. குதிரைப் பந்தயத்தை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. மல்லர் திரும்பி வந்தால் தானும் வரலாமே! "பௌர்ணமியன்று பட்டத்து மல்லன் வெள்ளையனோடு மோதுங்கள். இது என் வாக்கு!" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளையன் காளையைக் கொம்பைப் பிடித்துப் படுக்க வைக்கிறவன். இது ராஜாவுக்கு ஞாபகம் வந்தபோது சபை கலைந்திருந்தது. உடனே சபை விகடன் ஆவுடையப்பனைக் கூப்பிட்டார்.

"ஆவுடையப்பா, கொடுத்த வாக்கை நான் மீற முடியாது. வெள்ளையன் விட்டுக்கொடுத்தாலும் ஊர் சிரிக்கும். ஆனா மல்லர் மேல ஒரு சிராய்ப்புகூடப் படக் கூடாது."

"பட்டுட்டா, மகாராஜா?"

"உன்னை நாடு கடத்திடுவேன்."

"மோதப்போறது அவங்க ரெண்டு பேரு. நான் என்ன பாவம் பண்ணினேன்?"

"புத்திசாலின்னு பேர் வாங்கினியே, அதுதான்."

ஆவுடையப்பன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னான். விஷயத்தைக் கேட்டதும் அவன் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். புருஷனின் புத்தியில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை!

பௌர்ணமியும் வந்தது. களத்தைச் சுற்றி எள் போட்டால் எள் விழாத கூட்டம். வெள்ளையன் மல்லரின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு களத்தில் குதித்தான். மல்லரும் எழுந்து களத்தை நோக்கி நடந்தார்.

"நில்லுங்க மல்லரே!" என்று ஓடிவந்தான் ஆவுடையப்பன். "பாதத்தைத் தொடாம இறங்குறீங்களே?"

"எவன் பாதத்தை?"

"உங்க பாதத்தைத்தான். எந்த மல்லன் இறங்கினாலும் தொடணும்னு முரசறைஞ்சிருக்கே."

"அது மத்தவனுங்களுக்குடா!"

"அப்போ நீங்க மல்லன் இல்லையா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மல்லருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இதென்ன பிரமாதம்!" என்று குனிந்தார். தொந்தி குறுக்கே நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கை முழங்காலோடு நின்றுவிட்டது. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தார். வைத்தியர் ஓடிப்போய்த் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"அவசரமே இல்லை மல்லரே," என்றான் ஆவுடையப்பன் பணிவாக. "என்னைக்குத் தொடுறீங்களோ அன்னைக்கு மோதல். மகாராஜா வாக்கு அப்படியே இருக்கு."

மூச்சு வாங்கிய மல்லர் களத்தில் நின்ற வெள்ளையனின் தோள்களை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். "ஆமாமா, சம்பிரதாயம் முக்கியம்," என்று நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ராஜா ஆவுடையப்பனை அருகே அழைத்தார். "அவ்வளவு கஷ்டமாடா அது?"

"சீமையில இருக்குற மல்லனெல்லாம் தரிசிச்ச பாதம், மகாராஜா. அவருக்கு மட்டும்தான் இன்னும் தரிசனம் கிடைக்கலை."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பின் நடுவே மெல்லத் தம் காலைக் குனிந்து பார்த்தார். பட்டு இடைக்கச்சை தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. ஒரு கணம் சிரிப்பு நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகக் கிளம்பியது.

"யாரங்கே! என் பந்தயக் குதிரையை ஆவுடையப்பனுக்கே கொடுத்துடுங்க!"

ஆவுடையப்பன் அந்தக் குதிரையைக் கையில் பிடித்து நடத்தியே வீட்டுக்குக் கூட்டிப்போனான். அவனும் தன் பாதத்தைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.