பச்சை வயர்

குருவுக்கு நாற்பத்து நாலு வயது. சீடருக்கு அறுபத்து இரண்டு. கேட்டால் ஊரில் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தாகம் எடுத்தவன் கிணற்றுக்கு வயசு கேட்டுக்கொண்டா நிற்பான்?

குருவின் பெயர் செங்கமலம். அவருக்கு வீடு வாசல் கிடையாது. ஒரு பழைய ஜீப், அதன் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற சின்ன கேரவன், அவ்வளவுதான் சொத்து. கேரவன் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரத்தில் அடித்த பெட்டி. உள்ளே ஒரு படுக்கை, ஒரு ஃபேன், இரண்டு பல்பு, வெந்நீர் வைக்க ஒரு கரண்ட் கெட்டில். ஜீப்பை அவரேதான் ஓட்டுவார். போகிற ஊரில் யாராவது வந்து கேட்டால் பேசுவார். கேட்காவிட்டால் பேச மாட்டார்.

சீடர் கோதண்டம் செய்யாற்றில் முப்பத்தெட்டு வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்தவர். கை சும்மா இருக்காத மனுஷர். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் வந்த கேரவனில் ஃபேன் நின்றுபோயிற்று என்று இவரைக் கூப்பிட்டார்கள். வந்தார், சரிசெய்தார், வீட்டுக்குப் போனார். ஒரு பையில் நாலு வேட்டி, இன்னொரு கையில் டூல்ஸ் பெட்டி, அப்படியே திரும்பி வந்து நின்றார்.

"நானும் கூட வர்றேம்மா" என்றார்.

"ஏறுங்கண்ணே" என்றார் செங்கமலம். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதிலிருந்து ராத்திரி ஜீப்பின் பின்சீட்டில் படுக்கை. பகலெல்லாம் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பது. தினமும் ஒரு தடவை போன் அடிக்கும். மகள் மேகலா. கோதண்டம் எடுத்துப் பார்ப்பார், பிறகு சட்டைப் பையிலேயே போட்டுவிடுவார். அடித்து ஓயும்வரை அவர் முகத்தைப் பார்க்க முடியாது, பாவம்.

அன்றைக்குக் கல்வராயன் மலை ஏறிக்கொண்டிருந்தபோதும் போன் அடித்தது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் அவராகவே வாயைத் திறந்தார்.

"என் வீட்டுக்காரிக்கு உடம்புக்கு ஆகலம்மா. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேக்கறத சமைச்சுக் குடுங்கன்னுட்டாரு."

செங்கமலம் கியரை மாற்றினார்.

"நானும் பாத்தேன். சுகுணா படுத்திருக்கற ரூம்ல ஃபேன் சத்தம் போட்டுச்சு, சரி பண்ணேன். மோட்டாரு, மிக்ஸி, பாத்ரூம் குழாய் எல்லாம் சரி பண்ணேன். அப்புறம் வீட்ல ரிப்பேருக்கு ஒண்ணுமே இல்ல. ஒருநாள் அவ தலைமாட்டுல இருக்கற சுவிட்ச் போர்டைக் கழட்டிட்டு இருந்தேன். அவ படுத்தபடியே பாத்தா. 'அது நல்லாத்தானே இருக்கு'ன்னா."

கோதண்டம் ஜன்னல் பக்கம் திரும்பி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கு மேல அந்த வீட்டுல என்னால நிக்க முடியலம்மா. நான் ரிப்பேர்காரன். ரிப்பேர் பண்ண முடியாத எடத்துல எனக்கு என்ன வேலை? நீங்களே சொல்லுங்க."

எதிரே ஒரு லாரி வந்தது. செங்கமலம் வழி விட்டு, மறுபடி வண்டியை எடுத்தார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. அப்போதுதான் ஒரு மழை பெய்து விட்டிருந்தது. வண்டிகள் வந்து தங்குவதற்கென்று புல்வெளியை வேலி போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தண்ணீர்க் குழாய், இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பத்தில் ஒரு கரண்ட் பெட்டி. கேட்டில் இருந்த காவலாளி பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, கடைசி பஸ் ஆறு மணிக்கு இறங்கும், அதோடு கடையும் மூடிவிடும், ஏதும் வாங்குவதென்றால் அதற்குள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

கரண்ட் பெட்டியைத் திறந்ததும் கோதண்டத்துக்குப் புது ரத்தம் ஊறியது. கேரவனிலிருந்து வருகிற கேபிளின் பிளக் போன ஊரிலேயே வெடித்துப் போயிருந்தது. புது பிளக் டூல்ஸ் பெட்டியின் அடியில் எங்கேயோ கிடந்தது. தேடி எடுத்து, மாட்டி, முடுக்க அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் அம்மாவுக்கு ஒரு வாய் டீ போட்டுவிடலாமே என்று நினைத்தார். நினைப்பு நல்ல நினைப்புத்தான். கெட்ட புத்தி எப்போதும் நல்ல நினைப்பின் தோளில் ஏறிக்கொண்டுதானே வருகிறது!

உடைந்த பிளக்கை வெட்டி எறிந்தார். உள்ளே மூன்று வயர். சிவப்பையும் கறுப்பையும் பல்லாலேயே சீவினார். சாக்கெட்டின் மேல் ஓட்டையில் ஒரு குச்சியைக் கொடுத்து அழுத்த, கீழே இரண்டு ஓட்டையும் வாயைத் திறந்தன. ஆளுக்கொன்றாய் வயரைச் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்கினார். பச்சை வயரைப் பின்னால் மடக்கி டேப் சுற்றினார். சுவிட்சைப் போட்டதும் கேரவனுக்குள் பல்பு எரிந்தது.

"பாத்தீங்களாம்மா? ரெண்டே நிமிஷம்!"

செங்கமலம் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"மூணு வயர் இருந்துச்சேண்ணே?"

"மூணாவது சும்மாம்மா. எர்த்து. அதுல ஒண்ணும் ஓடாது."

"எப்பவுமேவா?"

"எப்பவாச்சும் ஓடும். வருஷக்கணக்கா ஓடாமயும் கெடக்கும். அது இல்லேன்னா பல்பு எரியலியா, ஃபேன் சுத்தலியா? எங்க ஊர்ல பாதி வீட்ல அதைக் குடுக்கறதே இல்ல."

செங்கமலம் தலையாட்டிவிட்டுப் போய்க் குழாயில் கால் கழுவினார். கோதண்டம் உள்ளே கெட்டிலில் தண்ணீர் ஊற்றி சுவிட்சைத் தட்டிவிட்டு, டீத்தூள் எடுக்க ஜீப்புக்குப் போனார்.

டீத்தூள் டப்பாவோடு திரும்பினார். செங்கமலம் ஈரக் காலோடு புல்லில் நடந்து வந்து, ஏறுவதற்காகக் கேரவனின் கதவுக் கைப்பிடியில் கை வைத்தார்.

"அய்யோ!"

அவ்வளவுதான் கேட்டது. ஆள் பின்னால் போய் விழுந்தார். விழுந்ததால் பிழைத்தார், கை பிடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே வேறு. கோதண்டம் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கரண்ட் பெட்டியின் மெயினை அணைத்தார். பிறகு அவர் பக்கத்தில் சேற்றில் மண்டி போட்டார்.

"அம்மா! அம்மா! இங்க பாருங்க!"

செங்கமலம் கண்ணைத் திறந்தார். உள்ளங்கையைப் பிரித்துப் பிரித்து மூடினார்.

"ஒண்ணும் இல்லண்ணே. கைதான் மரத்துப் போச்சு."

"என் கையாலயே உங்களக் கொல்லப் பாத்தேனே!" கோதண்டம் தலையில் அடித்துக்கொண்டார். "பாவி, முப்பத்தெட்டு வருஷம் என்னத்தைக் கிழிச்சேன்! புது பிளக்கு பெட்டியிலேயே கெடக்கு. சோம்பேறித்தனம்மா, வேற ஒண்ணும் இல்ல. செருப்பால அடிங்க என்னை!"

"செருப்பு அங்க குழாய்கிட்ட கெடக்கு. எந்திரிச்சுப் போக முடியல" என்றார் செங்கமலம்.

கோதண்டத்துக்கு அழுகையும் வந்தது, அதோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி, ஜீப் படியில் உட்கார வைத்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். காவலாளியைக் கூப்பிடட்டுமா, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டார். கையில் சூடு வந்துவிட்டது, வேண்டாம் என்றார் செங்கமலம்.

கொஞ்ச நேரம் கழித்து, "என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டார்.

"கெட்டில் உள்ளுக்குள்ள செத்திருக்கு. அதுல இருந்து கரண்டு கசிஞ்சு வண்டித் தகரம் பூரா ஏறிடுச்சு. எறங்க வழி இல்ல. நீங்க ஈரத்துல நின்னு தொட்டதும் உங்க உடம்பு வழியா எறங்கப் பாத்துச்சு."

"அந்தப் பச்சை வயர் இருந்திருந்தா?"

"அது வழியா நேரா மண்ணுக்குப் போயிருக்கும். நீங்க பாட்டுக்கு ஏறிப் போயிருப்பீங்க."

"அப்ப, அந்த வயர் கெட்டிலை ரிப்பேர் பண்ணியிருக்கும்."

"அதெப்படிம்மா பண்ணும்? கெட்டுப் போன கெட்டில் கெட்டுப் போனதுதான். அதை யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"ரிப்பேர் பண்ண முடியாத எடத்துல அதுக்கு என்னண்ணே வேலை?"

கோதண்டம் எழுந்து கேபிளிடம் போனார்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. கேரவனுக்குள் போய் ஃபேன், பல்பு, கெட்டில் எல்லாச் சுவிட்சையும் அணைத்தார். கெட்டிலைத் தூக்கி வெளியே வைத்தார். சுருட்டிக் கிடந்த கேபிளை முழுக்க விரித்து, எங்கேயாவது தோல் உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே வந்தார். பெட்டியின் அடியில் கிடந்த புது பிளக்கைத் தேடி எடுத்தார். பச்சை வயரைச் சுற்றிய டேப்பைப் பிரித்தார். முதலில் அதைத்தான் மாட்டினார். மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் நீளமாக விட்டு மாட்டினார். யாராவது கேபிளை இழுத்துத் தொலைத்தாலும் கடைசியாக அறுகிறது அதுவாக இருக்கட்டும் என்று. திருகாணியை முடுக்கி, ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தார். பிளக்கைச் செருகி, மெயினைப் போட்டார். ஒரு பல்பு. அடுத்த பல்பு. அப்புறம் ஃபேன். வண்டித் தகரத்தில் நாலு இடத்தில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியவில்லை.

அப்புறமும் மனசு கேட்காமல், புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான், "வாங்கம்மா" என்றார்.

செங்கமலம் அதே ஈரப் புல்லில் நடந்து வந்து, அதே கைப்பிடியைப் பிடித்து ஏறினார்.

டீயை ஜீப்பின் பின்னால் கிடந்த சின்ன கேஸ் அடுப்பில்தான் போட்டார்கள். பாதி டம்ளர் குடித்திருக்கும்போது போன் அடித்தது. கோதண்டம் அதை வெளியே எடுத்துப் பார்த்தார். செங்கமலம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓயப்போகிற நேரத்தில் எடுத்துவிட்டார்.

"அப்பா?" மேகலாவுக்கே நம்பிக்கை இல்லை. "அப்பா, நீங்கதானே?"

"மோட்டார் ஓடுதாம்மா?" என்றார் கோதண்டம். இருபத்திரண்டு நாளுக்கு அப்புறம் பெற்ற மகளிடம் கேட்கிற கேள்வியா அது! அந்த மனுஷருக்கு வேறு கேட்கத் தெரியாது.

"ஓடுதுப்பா. எல்லாம் ஓடுது." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அம்மா என்னைக் கேட்டாளா?"

"கேக்கலப்பா. வாசப்பக்கம் தலையை வச்சுப் படுக்க வைன்னாங்க. அப்படியே பாத்துட்டு இருக்காங்க. யாரு வண்டி வந்து நின்னாலும் பாக்கறாங்க. வலி வந்தா மட்டும் என் கையப் புடிப்பாங்க. நான் சமைக்கப் போகணும், புள்ளைங்களைப் பாக்கணும்... எவ்ளோ நேரம்ப்பா நான் ஒருத்தியே உக்காருவேன்?"

கோதண்டம் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி, தோள் குலுங்க அழுதார். மகளும் அந்தப் பக்கம் அழுதாள். "இரும்மா" என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லி வைத்தார்.

மணி ஐந்தே முக்கால். அவர் வேட்டிகளைப் பையில் திணித்தார். டூல்ஸ் பெட்டியை மூடித் தாழ் போட்டுத் தூக்கினார். செங்கமலம் வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

"இது இல்லாம நான் எங்கயும் போனதில்லம்மா."

"தெரியும்ணே."

இருவரும் கேட்டுவரை நடந்தார்கள். கோதண்டத்தின் ஒரு கை பையைப் பிடித்திருந்தது. இன்னொரு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வேட்டி நுனியைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"அம்மா, நெசமா கேக்கறேன். நான் அங்க போய் என்ன செய்யட்டும்?"

"கட்டிலுக்குப் பக்கத்துல, தரையில உக்காருங்க."

"உக்காந்து?"

"அவங்க கையைப் புடிச்சுக்கங்க."

"புடிச்சுக்கிட்டு?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி சீக்கிரம், சீக்கிரம் என்றார்.

"அவ்வளவுதான்ணே" என்றார் செங்கமலம். "விட்டுடாதீங்க."